கிரனாடாவில் விடைபெறும் மாணவர்கள்



நம் இல்லங்களிலிருந்து வெளியே புறப்படும் எவரும் "போகிறேன்" என்று சொல்வதில்லை. தவறி அப்படிச் சொல்லிவிட்டால், "போய் வருகிறேன் என்று சொல்" எனப் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். கடைத்தெருவுக்குச் செல்பவரும் அவ்வாறே சொல்கிறார். கடல் கடந்து பொருளீட்டச் செல்பவரும் அவ்வாறே சொல்கிறார். திரும்பி வருதல் என்னும் எண்ணத்தை விடைபெறும் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது நம் தமிழ்.

ஸ்பானிய மக்கள் பிரியும்போது "அதியோஸ்" என்பார்கள். "இறைவனிடம்" என்பது அச்சொல்லின் பொருள். "உன்னை இறைவனிடம் ஒப்படைக்கிறேன்" என்னும் கருத்துடைய முழு வாக்கியம், காலப்போக்கில் தேய்ந்து ஒரு சொல்லாக நின்றுவிட்டது. "ஃபீ அமானில்லாஹ்" என்று நாம் சொல்வதற்கு இது எவ்வளவு நெருக்கமானது, பாருங்கள்!

பிரிவது எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் "போய் வருகிறேன்" என்று உறுதியோடு சொல்லும் வாய்ப்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைக்கிறதா? இந்தக் கேள்வியை என் மனத்தில் ஆழமாகப் பதித்த நகரம் ஒன்று உண்டு. முஸ்லிம்களின் வரலாற்றில் கண்ணீரோடு நினைக்கப்படும் கிரனாடாதான் அது. ஆனால் இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அரசர்களின் கதையை அன்று. அந்நகரில் படிக்க வந்து, படிப்பு முடிந்து, ஒருவரையொருவர் பிரிந்து செல்லும் மாணவர்களின் கதையை.

மலையடிவாரத்து நகரம்

ஸ்பெயினில் பணிபுரியும் உறவினர் ஒருவரின் அழைப்பை ஏற்று, 2019-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் எட்டு நாட்கள் கிரனாடாவில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நாட்டின் தென்பகுதியான அந்தலூசியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அந்நகரம். அம்மலைத் தொடரின் உச்சிச் சிகரத்துக்கு முல்ஹாசென் என்று பெயர். உயரம் ஏறத்தாழ 3,479 மீட்டர். கிரனாடாவின் கடைசி சுல்தானுடைய தந்தை மவ்லாய் ஹஸனின் பெயரே ஸ்பானிய நாவில் அவ்வாறு திரிந்து வழங்குகிறது.

ஒரு குன்றின்மேல் செந்நிற மதில்களோடு அல்ஹம்ரா மாளிகை நிற்கிறது. எதிர்க் குன்றின்மேல் வெள்ளையடித்த வீடுகள் நெருங்கி நிற்கும் அல்பைசின் என்னும் பழைய குடியிருப்பு. இரண்டுக்கும் நடுவே தாரோ என்னும் சிற்றாறு ஓடுகிறது. அல்பைசின் சரிவில் உள்ள ஒரு சந்தில் மொராக்கோ நாட்டவர் நடத்தும் தேநீர்க் கடைகள் வரிசையாக உள்ளன. புதினாத் தேநீரின் மணம் தெருமுனையிலேயே நம்மை வரவேற்கும். ஜூன் மாதத்தில் அங்கு இரவு ஒன்பதே முக்கால் மணியளவில்தான் கதிரவன் மறைகிறான். மஃரிபுத் தொழுகைக்காக அத்தனை நேரம் காத்திருப்பது நம்மவர்க்குப் புதிய அனுபவம்.

1531-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்று அங்கு உள்ளது. ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வருவோரை மிகுதியாக வரவேற்கும் பல்கலைக்கழகங்களுள் அது முன்னணியில் நிற்பது. எனவே செப்டம்பரில் அந்நகரம் புதிய முகங்களால் நிறைகிறது. ஜூனில் அவர்களை வழியனுப்பிவிட்டு வெறிச்சோடுகிறது.

ஒரு பெண்மணியின் விடாமுயற்சி

"எராஸ்மஸ்" என வழங்கும் இத்திட்டம் 1987-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. நாடு நாடாகச் சென்று கற்ற டச்சு நாட்டு அறிஞர் ஒருவரின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் இதன்வழி அயல்நாடு சென்று பயின்றனர். அன்று முதல் இன்றுவரை பயன்பெற்றோர் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. சொந்த நாட்டுக் கல்லூரியில் பெயர் இருக்கும்போதே, ஒரு பருவமோ ஓராண்டோ வேறு நாட்டில் படிக்கலாம். அங்கு எழுதிய தேர்வுகள் இங்கே கணக்கில் கொள்ளப்படும். இதுவே அத்திட்டத்தின் உயிர்நாடி.

இதன் பின்னணியில் சோஃபியா கொர்ராடி என்னும் இத்தாலியப் பெண்மணியின் உழைப்பு இருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்ற அவர், 1958-இல் ரோம் நகருக்குத் திரும்பினார். அந்த அயல்நாட்டுப் படிப்பைக் கணக்கில் சேர்க்க அங்கிருந்த பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. பிறராக இருந்தால் மனம் நொந்து வீட்டில் அமர்ந்திருப்பர். அவரோ, தமக்கு நேர்ந்தது இனி எந்த மாணவருக்கும் நேரக் கூடாது என்று பல ஆண்டுகள் இடைவிடாது முயன்றார். அம்முயற்சியே பின்னாளில் இத்திட்டமாக உருப்பெற்றது. "எராஸ்மஸின் தாய்" என்றே அவரை அழைத்தார்கள்.

கணக்குத் தீர்க்கும் நாட்கள்

ஜூன் மாத இறுதியில் நீங்கள் கிரனாடாவின் தெருக்களில் நடந்தால், வாசலில் வைக்கப்பட்டிருக்கும் சமையல் பாத்திரங்களைக் காணலாம். மேசை விளக்கு, போர்வை, துணி உலர்த்தும் கம்பிச் சட்டம் எனப் பலவும் கிடக்கும். பெட்டியில் அடங்காத பொருள்களை அடுத்து வருவோருக்காக விட்டுச் செல்கிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில், மின்கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் பங்கிட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். சாவியை உரிமையாளரிடம் ஒப்படைத்து முன்பணத்தைத் திரும்பப் பெறுகிறார்கள்.

இன்னொரு பழக்கமும் அவர்களிடம் உண்டு. தம் நாட்டுக் கொடியை மேசைமேல் விரித்து, நண்பர்கள் ஒவ்வொருவரையும் அதில் நாலு வரி எழுதச் சொல்கிறார்கள். ஜெர்மானியன் கொடியில் இத்தாலியன் எழுதுகிறான்; அவன் கொடியில் கிரேக்க மாணவி எழுதுகிறாள். இவர்களுடைய பாட்டனார் காலத்தில், 1939 முதல் 1945 வரை, இதே நாடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், எழுத்து நிறைந்த அந்தத் துணி எத்துணை விலைமதிப்புடையது என்பது விளங்கும்.

கணக்குத் தீர்ப்பது வெறும் பணத்தோடு முடிவதன்று. ஓராண்டுக் காலம் ஒரே அடுப்பில் சமைத்தவர்களுக்கிடையே சிறு சிறு மனத்தாங்கல்கள் இருக்கத்தான் செய்யும். ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் நம்மவர்கள் உற்றார் உறவினர், அண்டை அயலார் வீடுகளுக்கெல்லாம் சென்று, "ஏதும் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு வருகிறார்களே, அப்பழக்கத்தின் அருமை எனக்கு அந்நகரில்தான் முழுமையாக விளங்கிற்று. பிரிவதற்கு முன் மனத்தைத் தூய்மை செய்துகொண்டவர்களின் நட்பே தொலைவைத் தாங்கி நிற்கிறது.

அதற்குரிய நேரம் எல்லா ஆண்டிலும் கிடைத்துவிடவில்லை. மறு ஆண்டு, 2020 மார்ச் 14-ஆம் நாள், கொரோனா தொற்றின் காரணமாக ஸ்பெயின் அரசு நாடு முழுவதும் அவசர நிலையை அறிவித்தது. பரிமாற்ற மாணவர்கள் பலர் கிடைத்த விமானத்தில் ஏறி ஊர் திரும்ப நேர்ந்தது. முறையாக விடைபெறுதல் எத்தகைய நற்பேறு என்பது, அது மறுக்கப்பட்டவர்களுக்கே தெரியும்.

அக்காலத்து மாணவர்களும் அறிஞர்களும்

அயலூர் சென்று கல்வி தேடுவது கிரனாடாவுக்குப் புதிதன்று. நகரின் நடுவே, கத்தோலிக்க அரசர்கள் அடக்கமான அரச வழிபாட்டகத்துக்கு நேரெதிரே, ஒரு மதரஸா இருக்கிறது. சுல்தான் முதலாம் யூசுஃப் 1349-இல் நிறுவியது. பிற்காலத்தில் நகரசபைக் கட்டடமாக மாற்றப்பட்ட அது, இன்று பல்கலைக்கழகத்தின் உடைமை. உள்ளே மிஹ்ராபோடு கூடிய சிறிய தொழுகைக் கூடம் ஒன்று எஞ்சியுள்ளது. மதரஸாவில் பாடம் நடத்துவதையே வாழ்வாகக் கொண்ட எனக்கு, அக்கூடத்தைவிட்டு வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது.

அம்மதரஸா எழுந்த அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உலகப் பயணி இப்னு பதூதா கிரனாடா வந்தார். 1340-களில் நம் மதுரைக்கும் வந்து சென்றவர் அவர். கிரனாடாவில் பல நாட்டுத் துறவியரைக் கண்டதாக அவர் குறிப்பிடுகிறார். சமர்கந்து, தப்ரேஸ், கோன்யா, குராசான் ஆகிய ஊர்களிலிருந்து வந்தவர்களோடு, இந்தியாவைச் சேர்ந்த இருவரும் அவர்களுள் இருந்தார்களாம்! தங்கள் ஊரை ஒத்திருக்கிறது என்பதாலேயே அவர்கள் அங்குத் தங்கிவிட்டார்கள் என்கிறார்.

ஒரு தோட்டத்தில் அறிஞர் சிலரோடு அளவளாவிய அவருடைய பேச்சை, இப்னு ஜுஸை என்ற இளைஞர் அருகிலிருந்து கேட்டார். பின்னர் இருவரும் பிரிந்தனர். சில ஆண்டுகள் கழித்து மொராக்கோவின் ஃபாஸ் நகரில் அவர்கள் மீண்டும் சந்தித்தார்கள். சுல்தானின் ஆணைப்படி இப்னு பதூதா சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை எழுதினார். 1356-இல் நிறைவுற்ற அந்நூலைத்தான் உலகம் இன்றும் படித்து வருகிறது. கிரனாடாத் தோட்டத்தில் தொடங்கிய பழக்கம் பிரிவோடு அறுந்து போயிருக்குமானால், அந்நூல் இன்றுள்ள வடிவில் நமக்குக் கிடைத்திருக்காது.

மற்றொரு பிரிவையும் சொல்ல வேண்டும். வரலாற்று மேதை இப்னு கல்தூன் 1362-இல் கிரனாடா வந்தார். அமைச்சரும் கவிஞருமான லிஸானுத்தீன் இப்னுல் கதீப் அவரை அன்போடு வரவேற்றார். ஆனால் அரண்மனைச் சூழலில் இருவருக்குமிடையே மனக்கசப்பு அரும்பிற்று. கசப்பு முற்றிப் பகையாகுமுன் 1365-இல் இப்னு கல்தூன் முறையாக விடைபெற்று வெளியேறினார். பின்னாளில் ஃபாஸ் நகரில் இப்னுல் கதீப் சிறைப்பட்டபோது, அவருக்காகப் பரிந்து பேசியவர்களுள் இப்னு கல்தூனும் ஒருவர். பரிந்துரை பலிக்கவில்லை, 1374-இல் இப்னுல் கதீப் சிறையிலேயே கொல்லப்பட்டார். ஆயினும், நல்ல முறையில் பிரிந்தவரால்தான் பின்னொரு நாள் பரிந்து பேசவாவது முடிகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

"வருகிறேன்" என்று சொல்ல முடியாதவர்கள்

1491 நவம்பர் 25-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, 1492 ஜனவரி 2-ஆம் நாள் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் நகரை ஒப்படைத்தார். தெற்கே செல்லும் சாலையில், நகரம் கண்ணிலிருந்து மறையும் கணவாய்க்கு "மூரின் பெருமூச்சு" என்று இன்றும் பெயர். அங்கே அவர் திரும்பிப் பார்த்துக் கண்கலங்கினார் என்பது வழிவழியாக வரும் கதை.

உடன்படிக்கை முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் உறுதியளித்திருந்தது. பத்தாண்டு செல்வதற்குள் அவ்வுறுதி காற்றில் பறந்தது. கட்டாய மதமாற்றமும் அரபு நூல்களின் எரிப்பும் தொடர்ந்தன. மதம் மாற்றப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் "மோரிஸ்கோ" எனப்பட்டனர். 1609 முதல் 1614 வரை அவர்களுள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர். கப்பலேறிய அம்மக்களால் "போய் வருகிறேன்" என்று சொல்ல இயலவில்லை.

கடலுக்கு அப்பால், வடமொராக்கோவில் தெத்துவான் என்றொரு நகரம் உண்டு. கிரனாடாவிலிருந்து சென்ற தளபதி அல்மந்தரீ என்பார் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அதனைப் புதுப்பித்துக் குடியேற்றினார். அங்குள்ள குடும்பங்கள் சில, கிரனாடாவில் விட்டுவந்த வீட்டின் சாவியைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வைத்திருப்பதாகச் சொல்லப்படுவதுண்டு.

1492-இல் வெளியேற்றப்பட்ட யூதர்களின் சந்ததியார் குடியுரிமை கோர வழிசெய்யும் சட்டம் ஒன்றை 2015-இல் ஸ்பெயின் இயற்றியது. அதன்படி விண்ணப்பிக்கும் காலம் 2019-இல் முடிவுற்றது. மோரிஸ்கோ மக்களின் சந்ததியாருக்கு அத்தகைய சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

பள்ளிவாசல் தோட்டத்தில்

அல்பைசின் உச்சியில் 2003-ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் உள்ளது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அந்நகரில் புதிதாகக் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் அது. அதன் தோட்டத்தில் யாரும் வந்து அமரலாம். எதிரே அல்ஹம்ரா மாளிகை, அதன் பின்னே மலை.

ஒரு நாள் அஸருக்குப் பின் அங்கே இரு மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் போலந்து நாட்டின் கிராகோவ் நகரத்தவர். மற்றவர் தெத்துவான் நகரத்தவர். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளுக்கும் அத்திட்டம் 2015 முதல் விரிவாக்கப்பட்டதால் வந்து சேர்ந்தவர். இருவரும் ஒரே வீட்டில் பத்து மாதங்கள் தங்கியவர்கள். மறுநாள் காலை இருவரும் புறப்பட வேண்டும்.

டிசம்பர் விடுமுறையில் இதே இடத்தில் சந்திப்போம் என்றார் போலந்து மாணவர். தெத்துவான் மாணவர் புன்னகைத்தார். பிறகு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். விசா விண்ணப்பம், அதற்கான கட்டணம், வங்கிக் கணக்குச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, தங்குமிடத்துக்கு அத்தாட்சி, நேர்காணலுக்கு நாள் கிடைத்தல்... இத்தனையும் சேர்த்த பிறகும் "இல்லை" என்ற பதில் வரலாம். அதே விரல்களை எண்ணித்தான் நானும் அந்நாட்டுக்கு வந்திருந்தேன் என்பதால், அவர் சொன்னதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாசகர்களே, தொலைவைச் சற்றே கணக்கிட்டுப் பாருங்கள். கிராகோவ் நகரம் கிரனாடாவிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கிருந்து அம்மாணவர் எந்த நாளில் வேண்டுமானாலும் விசா இன்றி வரலாம். தெத்துவான் நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர்தான். இடையிலுள்ள கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலம். ஆயினும் அவருக்கு அது பெருங்கடல். அவருடைய முன்னோர் இந்நகரில் வாழ்ந்தவர்களாகவே இருக்கலாம். அவர் மட்டும் இங்கே நாட்கணக்குப் பார்த்து வாழும் விருந்தாளி.

போலந்து மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், தாம் மொராக்கோ செல்ல விசா வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை என்றார் மற்றவர். "அப்படியானால் டிசம்பரில் நான் உன் வீட்டுக்கு வருகிறேன்" என்றார் போலந்து மாணவர். அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அவர் வாக்கைக் காப்பாற்றினாரா என்று அறியும் வழி எனக்கு இல்லை. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் ஒன்று உள்ளது. நட்பில் இருவருக்கும் சம உரிமை உண்டு. வாசல்கள் சமமாகத் திறந்திருப்பதில்லை. யாருக்கு வாசல் திறந்திருக்கிறதோ, அவரே நடந்து சென்று பார்க்கக் கடமைப்பட்டவர்.

நாம் செய்யத்தக்கது

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் இன்று அயல்நாடுகளுக்குப் படிக்கச் செல்கிறார்கள். என்ன வாங்கிச் செல்ல வேண்டும் என்று அவர்களுக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கிறீர்கள். எப்படி விட்டுவர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கடனைத் தீர்த்துவிட்டு வரட்டும். உடன் தங்கியவர்களிடம் பிழை பொறுக்கும்படி கேட்டுவிட்டு வரட்டும். பாடம் சொல்லித் தந்தவர்களை நேரில் சென்று பார்த்து நன்றி கூறட்டும். ஊர் திரும்பிய பின், பெருநாள் வாழ்த்தோடு நில்லாமல், நண்பர் வீட்டில் துன்பம் நேரும்போதும் விசாரித்து எழுதட்டும். கைப்பேசியில் நூறு பெயர்கள் இருப்பதால் மட்டும் நட்பு இருப்பதாகாது.

அடுத்தது நம் ஊரில் நாம் செய்யத்தக்கது. 1950-இல் நிறுவப்பட்ட இந்தியக் கலாசார உறவுகள் கழகம், பல நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை அளித்து இந்தியக் கல்லூரிகளில் படிக்க வைக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் நம் மாநிலத்துக்கும் வருகிறார்கள். ஜும்ஆத் தொழுகையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, எவரோடும் பேசாமல் வெளியேறும் அந்த அயல்முகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் பலருக்கு இந்த ஊருக்கு இரண்டாம் முறை வரும் வாய்ப்புக் கிட்டாமலே போகலாம்.

எனவே அவர்கள் இங்கிருக்கும்போதே ஒரு நோன்புப் பெருநாளில் அவர்களை அழைத்து உங்கள் வீட்டில் சோறு போடுங்கள். படிப்பு முடிந்து புறப்படும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ரயில் நிலையத்துக்கு ஒருவராவது செல்லுங்கள். பெட்டியைத் தூக்கி வைத்து, ஸலாம் கூறி, வண்டி நகரும்வரை நின்றுவிட்டு வாருங்கள்.